ஃபோல்டரில் இருக்கு, பட்டியலில் இல்லை: ஃபான்ட் பட்டியலை ஸ்கிரிப்ட் எழுதி எடுக்கும்போது வரும் கோளாறுகள்

தை பிறந்துவிட்டால் வேலூரில் பத்திரிகை அடிக்கிற கடைகளில் நாற்காலி காலியாக இருக்காது. அப்படி ஒரு நாள் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெரியவர் பென் டிரைவோடு வந்தார். பெரிய பெண் கல்யாணத்துக்கு எங்களிடம் அடித்த பத்திரிகை அதில் இருந்தது. இப்போது சின்னவளுக்கு. "அதே எழுத்து, அதே டிசைன். பேரும் தேதியும் மட்டும் மாத்துங்க தம்பி" என்றார். திறந்தால், ஃபான்ட் இல்லை என்று எச்சரிக்கை. கடையில் ஐந்து கம்ப்யூட்டர். அதில் எதிலோ அந்த ஃபான்ட் கிடக்கிறது. எதில் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்று ராத்திரியே ஐந்திலும் உள்ள ஃபான்ட்களைப் பட்டியலெடுத்து ஒரே சிஎஸ்வி கோப்பில் (எக்ஸெலில் திறக்கிற அட்டவணைக் கோப்பு) கொட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். பத்து வரி வேலை என்று நினைத்தேன். பட்டியல் வந்தது, ஆனால் தேடியது அதில் இல்லை. மறுநாள் வேறு வழியில் எடுத்தால் வேறு பட்டியல். அதற்கப்புறம் லாங் பஜார் பக்கம் இரண்டு கடை, காட்பாடியில் ஒரு ஸ்டுடியோ என்று தெரிந்தவர்களுக்கு இதையே செய்து கொடுத்ததில், எங்கெங்கே இது காலை வாரும் என்று ஓரளவு பிடிபட்டது. அதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். சொல்லவே தேவையில்லைதான். ஆனாலும் ஒரு பையன் நான் வாட்ஸப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டிவிட்டு "அண்ணா ஓடலை" என்றான்.

ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை, அல்லது வெறும் பட்டியல் வருகிறது

விண்டோஸில் எல்லோரும் முதலில் போவது பவர்ஷெல்லில் (விண்டோஸோடு வரும் கட்டளைத் திரை) உள்ள இன்ஸ்டால்டு ஃபான்ட் கலெக்‌ஷன் என்ற வகுப்புக்குத்தான். அப்படி ஒரு வகையே இல்லை என்று சிவப்பில் வந்தால், அதற்கு முந்தின வரியில் 'ஆட்-டைப் -அசெம்பிளிநேம் சிஸ்டம்.டிராயிங்' என்று போடவில்லை என்று அர்த்தம். அதைப் போட்டுவிட்டு, வரும் பொருளின் ஃபேமிலீஸ் என்ற பண்பைக் கேட்டால் பெயர்கள் கொட்டும். இதே ஸ்கிரிப்டை லினக்ஸில் பவர்ஷெல் 7 போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்த சிஸ்டம்.டிராயிங் நூலகம் டாட்நெட் 7 முதல் விண்டோஸுக்கு மட்டும்தான்.

இன்னொரு கூட்டம் விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்ட்டில் எழுதியதை வைத்திருக்கும். அதில் வின்32_ஃபான்ட்இன்ஃபோஆக்‌ஷன் என்ற வகுப்பை, விண்டோஸ் தன் விவரங்களைச் சொல்லும் டபிள்யூஎம்ஐ என்ற ஏற்பாட்டிடம் கேட்டிருப்பார்கள். பெயரைப் பார்த்தால் எல்லா ஃபான்ட்டும் வரும்போலத் தோன்றும். வராது. எம்எஸ்ஐ கோப்பாக வரும் மென்பொருள் நிறுவிகள் கொண்டுவந்த ஃபான்ட் விவரம் மட்டும்தான் அதில் இருக்கும். கையால் போட்ட ஒன்றுகூட இருக்காது. விபிஸ்கிரிப்ட்டிலேயே எடுக்க வேண்டுமென்றால் ஷெல்.அப்ளிகேஷன் பொருளில் நேம்ஸ்பேஸ் 20-ஐத் திறங்கள், அதுதான் ஃபான்ட்ஸ் ஃபோல்டரின் எண். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. புதிதாக எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கண்ணெதிரே இன்ஸ்டால் செய்தேன், பட்டியலில் இல்லை

இதுதான் அதிகம் பேர் கேட்பது. கேட்கும்போதே கோபமாகக் கேட்பார்கள்.

கல்யாண மண்டபத்தில் மொய் எழுத இரண்டு நோட்டு வைத்திருப்பார்கள், பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. ஒரு நோட்டை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "மாமா மொய்யே வைக்கலை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? விண்டோஸிலும் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து இரண்டு நோட்டு. ஃபான்ட் கோப்பை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் என்று கொடுத்தால், அது அந்தப் பயனருக்கு மட்டும் போய் உட்காருகிறது. அதன் இடம் சி டிரைவின் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் அல்ல. பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று ஐந்து படி இறங்கினால் அங்கே இருக்கும். அதற்கு முந்திய காலத்தில் எழுதின ஸ்கிரிப்ட்கள் சி டிரைவில் இருப்பதை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடும்.

நான் செய்வது இது. எந்த வகுப்பு எதைக் காட்டும் என்று யோசித்துக்கொண்டிருக்காமல், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் இரண்டு இடத்தையும் வாசித்துவிடுவேன். ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், ஃபான்ட்ஸ் என்பது எல்லோருக்கும் பொதுவான நோட்டு. அதே பாதையில் முதல் சொல்லை மட்டும் ஹெச்கேசியூ என்று மாற்றினால் அந்தப் பயனரின் சொந்த நோட்டு. பொதுவானதில் கோப்பின் பெயர் மட்டும் இருக்கும், சொந்தத்தில் முழுப் பாதையும் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துப் பாதையை ஒட்டினால் சி டிரைவ், அதற்குள் இன்னொரு சி டிரைவ் என்று வந்து நிற்கும். நான் அதையும் செய்திருக்கிறேன்.

இதிலேயே இன்னொரு கண்ணி. பகலில் கையால் ஓட்டினால் ஃபான்ட் வருகிறது, ராத்திரி டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டினால் வரவில்லை. ஏனென்றால் ராத்திரி அதை ஓட்டுவது சிஸ்டம் என்ற கணக்கு. அந்தக் கணக்கின் சொந்த நோட்டில் நீங்கள் போட்ட ஃபான்ட் எப்படி இருக்கும்? சர்வர் மென்பொருள் பிடிஎஃப் தயாரிக்கும்போது தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக விழுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபான்ட் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள், நிர்வாகி அனுமதி கேட்கும், கொடுங்கள். எங்கள் கடையில் இப்போது இதற்கு மேல் வேறு முறையே இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு நோட்டிலும் இருந்தும் பவர்ஷெல் பட்டியலில் இல்லையா? கோப்பின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். ஓடிஎஃப் என்றால் சந்தேகம் தீர்ந்தது. இன்ஸ்டால்டு ஃபான்ட் கலெக்‌ஷன் பின்னால் ஓடுவது ஜிடிஐ பிளஸ் என்ற பழைய சரக்கு. அதற்கு ட்ரூடைப் கோடுகள் மட்டும்தான் தெரியும். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைக் கோடுகள் கொண்ட ஓப்பன்டைப் ஃபான்ட்டை அது எட்டிக்கூடப் பார்க்காது. பிழை என்றும் சொல்லாது, விட்டுவிட்டுப் போய்விடும். பிரசென்டேஷன்கோர் நூலகத்தை ஏற்றி, அதில் சிஸ்டம் ஃபான்ட் ஃபேமிலீஸ் என்பதைக் கேட்டால் அவையும் வரும்.

லதா ஃபான்ட்டைக் காணோம் என்பார்கள் சிலர். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த ஃபான்ட் அது, எல்லோருடைய பழைய வேர்டு கோப்பிலும் இருக்கும். விண்டோஸ் 10-இல் லதாவையும் விஜயாவையும் பிரித்து, தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற விருப்ப அம்சமாக வைத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்ச் சேர்த்தால் வந்துவிடும். அதுவரை நிர்மலா யூஐ மட்டும்தான் இருக்கும், ஸ்கிரிப்ட் சொல்வது சரிதான்.

கோப்பு எண்ணிக்கை ஒன்று, பட்டியல் எண்ணிக்கை வேறு

இது கோளாறே இல்லை. ஒரு குடும்பத்துக்குச் சாதாரணம், தடிமன், சாய்வு, தடிமன் சாய்வு என்று நான்கு கோப்பு இருக்கலாம். ஃபேமிலீஸ் கேட்டால் ஒன்று என்று வரும், ஃபோல்டரைக் கேட்டால் நான்கு. டிடிசி கோப்பென்றால் தலைகீழ். ஒரே கோப்புக்குள் பல ஃபான்ட் இருக்கும். ரிஜிஸ்ட்ரியில் 'கேம்ப்ரியா & கேம்ப்ரியா மேத்' என்று நடுவில் 'உம்மை'க் குறி போட்டு எழுதியிருப்பது இதனால்தான்.

லைட், மீடியம், செமிபோல்டு, பிளாக் என்று எடை எடையாக வரும் ஃபான்ட்களில் கொஞ்சம் கவனம். ஃபான்ட்டின் பெயர்ப் பட்டியில் எண் 1 என்பது பழைய குடும்பப் பெயர், அதில் நான்கு பாணிக்கு மேல் அடங்காது. அதனால் லைட் தனிக் குடும்பமாக, செமிபோல்டு தனிக் குடும்பமாகப் பதிவாகியிருக்கும். உண்மையான குடும்பப் பெயர் எண் 16-இல் இருக்கும். 16 இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் 1-ஐ எடு என்று ஸ்கிரிப்டில் எழுதுங்கள். போதும்.

சிஎஸ்வியைத் திறந்தால் கேள்விக்குறிகள்

சில தமிழ் ஃபான்ட்கள் தம் பெயரைத் தமிழிலேயே வைத்திருக்கும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஆங்கில எழுத்து மட்டும் அடங்கும் ஆஸ்கி முறையில் எழுதும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி ஆகிவிடும். ஆனபின் எந்த வைத்தியம் செய்தாலும் திரும்பாது, மறுபடி ஓட்டத்தான் வேண்டும். '-என்கோடிங் யூடிஎஃப்8' என்று சேருங்கள். 5.1 அதைக் கோப்பின் தலையில் ஒரு அடையாளத்தோடு எழுதும், எக்ஸெல் ஒழுங்காகத் திறக்கும். பவர்ஷெல் 7-க்குப் போனால் அதே சொல் அடையாளம் இல்லாமல் எழுதும். கோப்பு சரியாக இருக்கும், எக்ஸெலில்தான் குப்பையாகத் தெரியும். அங்கே 'யூடிஎஃப்8பாம்' என்று கொடுக்க வேண்டும். கேள்விக்குறி என்றால் எழுதும்போதே கெட்டது, குப்பை எழுத்து என்றால் திறக்கும்போது கெட்டது. இந்த ஒன்றைப் பார்த்தாலே எந்த முனையில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

கறுப்புத் திரையில் தமிழ் உடைந்து தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தத் திரைக்குக் கொம்பும் காலும் சேர்த்துப் போடத் தெரியாது. கோப்பில் எழுதி நோட்பேடில் பாருங்கள்.

தமிழ் ஃபான்ட்களை மட்டும் கேட்டால், பாதிக்கு மேல் வரவில்லை

சத்துவாச்சாரிப் பெரியவரின் ஃபான்ட் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

நான் ஐந்து கம்ப்யூட்டரின் ஃபான்ட் ஃபோல்டர்களையும் என் உபுண்டு லேப்டாப்பில் ஒரு மூலையில் கொட்டினேன். லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிக் இருக்கிறதே, அது இந்த வேலைக்கு அருமையான கருவி. நிறுவியிருக்கும் ஃபான்ட்களைக் கேட்க 'எஃப்சி-லிஸ்ட்', நிறுவாமல் ஒரு ஃபோல்டரில் கிடப்பதைக் கேட்க 'எஃப்சி-ஸ்கேன்'. 'எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ ஃபேமிலி' என்றால் தமிழ் தெரிந்த குடும்பங்கள் மட்டும் வரும். ஸ்கேனில் மொழியைச் சேர்த்து அச்சிடச் சொல்லி டிஏ உள்ளவற்றை மட்டும் வடிகட்டினேன். வந்ததெல்லாம் நிர்மலா, லதா, நோட்டோ போன்ற யூனிகோடு ஃபான்ட்கள், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறைப்படி செய்தவை. கடையில் தினமும் பத்திரிகைக்குப் பயன்படுத்துகிற எதுவுமே இல்லை.

ஃபான்ட்கான்ஃபிக் பெயரைப் பார்த்து மொழியைச் சொல்வதில்லை. ஒரு மொழிக்குத் தேவையான யூனிகோடு எழுத்தெல்லாம் ஃபான்ட்டுக்குள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 128 இடம், தசமக் கணக்கில் 2944 முதல் 3071 வரை. 'க' உட்கார்ந்திருப்பது 2965-இல். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அந்த இடங்கள் எல்லாம் காலி. அது தமிழ் எழுத்தின் உருவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் வரைந்து வைத்திருக்கிறது. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் 'தமிழ்' என்று வரும். ஜே இடத்தில் 'த', கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் குறி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் புள்ளி. ஆக, ஃபான்ட்கான்ஃபிக் கண்ணுக்கு இது ஆங்கில எழுத்தெல்லாம் சரியாக வைத்திருக்கிற ஒரு ஆங்கில ஃபான்ட். மொழிப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், பாமினிக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லும், தமிழ் தெரியும் என்று சொல்லாது!

பழைய ஃபான்ட் எல்லாம் பாமினி முறையும் அல்ல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீடு வந்தன. டாம் தமிழுக்கு மட்டும், டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து. இணையத்தில் புழங்கியவர்கள் டிஸ்கி வைத்திருந்தார்கள். இவை தவிர ஃபான்ட் விற்றவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு வரிசை. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்றது 2010-இல்தான். அதற்குள் அச்சுக்கடைகளின் அலமாரி நிறைந்துவிட்டது.

எங்கள் பகுதியில் ஒரு கோப்பின் வயதை முகவரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருந்தால் 1989-இல் பழைய வட ஆற்காடு பிரிந்த பிறகு, 1996-இல் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறுவதற்கு முன் அச்சுக் கோத்த லெட்டர்பேடை யாரோ அப்படியே பார்த்து அடித்தது. ராணிப்பேட்டைக்காரர் பத்திரிகையில் 'வேலூர் மாவட்டம்' என்றிருந்தால் 2019-க்கு முன்னால். அந்த மாதிரிக் கோப்பு வந்தாலே யூனிகோடாக இருக்காது என்று முடிவு கட்டிவிட்டு, லாங்=டிஏ என்பதை நம்பாமல் நேரே ஃபான்ட்டின் வயிற்றுக்குள் பார்க்கப் போய்விடுவேன்.

வயிற்றுக்குள் பார்ப்பது எப்படி? பைத்தானில் ஃபான்ட்டூல்ஸ் என்று ஒரு நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் டிடிஃபான்ட் என்று திறந்து, 'கெட்பெஸ்ட்சிமேப்' என்று கேட்டால் எந்த இடத்தில் எந்த உருவம் என்ற அகராதி வரும். அதில் 2965 இருந்தால் யூனிகோடு தமிழ், முதல் கூடை. இல்லாவிட்டால் இரண்டாம் கூடை. பத்து வரிதான்.

ஆனால் பாதியில் நன்டைப் என்று ஒரு பிழை காட்டி நிற்கும். எனக்கு நாற்பதாவது கோப்பிலோ என்னவோ நின்றது. பழைய ஃபான்ட்களில் சில தம்மைச் சிம்பல் வகை என்று அறிவித்துக்கொண்டு, உருவங்களை எல்லாம் 61440-க்கு மேலே தள்ளி வைத்திருக்கும், விங்டிங்ஸ் மாதிரி. கெட்பெஸ்ட்சிமேப் தேடுவது யூனிகோடு அட்டவணையை மட்டும்தான். அது இல்லாததால் வெறும் கையை விரிக்கும். வெறுமைக்குள் 2965 இருக்கிறதா என்று தேடினால் பைத்தான் என்ன செய்யும், கத்தும். விடை வெறுமையாக இருந்தால் மூன்றாம் கூடையில் போடு என்று ஒரு வரி சேருங்கள். என் அனுபவத்தில் அந்த மூன்றாம் கூடையில்தான் தங்கம் இருக்கும். டிடிசி கோப்பென்றால் எத்தனையாவது ஃபான்ட் என்று எண்ணும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் நிறுத்தும்.

இரண்டாம் கூடையில் நிஜமான ஆங்கில ஃபான்ட்டும் பழைய தமிழ் ஃபான்ட்டும் கலந்து கிடக்கும். எந்த ஸ்கிரிப்ட்டாலும் இதை முழுதாகப் பிரிக்க முடியாது என்பது என் கருத்து. ஃபான்ட்டின் பெயரில் தமிழ் என்றோ டாம் என்றோ இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாதவற்றுக்குக் கண்தான் கருவி. படம் வரையும் பில்லோ என்ற பைத்தான் நூலகத்தை வைத்து ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் இரண்டு வரி படமாக வரைய வைத்தேன். முதல் வரியில் மேலே சொன்ன ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இரண்டாவது வரியில் 161 முதல் 255 வரை உள்ள எழுத்துகள் வரிசையாக. முதல் வரியில் 'தமிழ்' என்று வந்தால் பாமினி குடும்பம். முதல் வரி ஆங்கிலமாகவே இருந்து இரண்டாவது வரியில் ககரமும் ஙகரமும் தெரிந்தால் டிஸ்கி அல்லது டாப். முதல் வரியில் தமிழ் எழுத்தே வந்து, ஆனால் வாசிக்க அர்த்தமில்லாமல் இருந்தால் வேறு ஏதோ ஒரு வரிசை, அதையும் குறித்து வையுங்கள். மூன்றாம் கூடைக்கு வரையும்போது மட்டும் என்கோடிங் 'சிம்ப்' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான் வரும்.

அந்தத் தாளை ஏ3-இல் அடித்து மேசையில் விரித்துவைத்து, பழைய பத்திரிகையை அதன் மேல் வைத்து நகர்த்தினேன். 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பில் 'ழ' வால் இடப்பக்கம் சுழித்து ஒரு இலை மாதிரி முடிந்திருந்தது. நான்காவது பத்தியில் அதே இலை. கட்டிங் மெஷின் பக்கத்தில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட் அது, சிம்பல் வகை. பெரியவரிடம் போன் செய்து வரச் சொன்னேன்.

இப்படித் தேடிக் கண்டுபிடித்த ஃபான்ட்டை உடனே ஐந்து கம்ப்யூட்டரிலும் போட்டுவிடக் கை துறுதுறுக்கும். காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட் என்றால் உரிமம் எத்தனை இயந்திரத்துக்கு என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

உருது, தெலுங்குப் பத்திரிகை வந்தால்

சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில் இருந்த ஊர்தான், சம்பந்தம் இன்னும் அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே தெலுங்கு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு உருது வேண்டும். தெலுங்குக்கு லாங்=டிஇ என்றால் ஒழுங்காக வரும். உருதுக்கு லாங்=யூஆர் என்றே கேளுங்கள். அரபி இருந்தால் போதாதா என்று ஏஆர் போட்டு எடுத்தால், உருதுக்கே உரிய டகரம் போன்ற எழுத்துகள் இல்லாத ஃபான்ட்டும் சேர்ந்து வரும். அடித்து முடித்தபின் பெயரின் நடுவில் ஒரு எழுத்து மட்டும் வேறு உருவத்தில் நிற்கும். அதை வாடிக்கையாளர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

இப்போதுதான் போட்டேன், இன்னும் பட்டியலில் வரவில்லை

லினக்ஸில் 'எஃப்சி-கேஷ் -எஃப்வி' ஓட்டுங்கள். கோப்பை வைக்க வேண்டிய இடம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ். விண்டோஸில் இன்டிசைன், வேர்டு போன்றவற்றை மூடித் திறந்து பாருங்கள். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் வழியாகப் பட்டியலெடுத்தால் அது முதல் தடவை பார்த்ததை ஒரு ஜேசன் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதன் கேஷ் ஃபோல்டரில் ஃபான்ட்லிஸ்ட் என்று தொடங்கும் கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பைத்தானில் ஜன்னல் செய்யும் டிகேஇன்டரில் ஃபேமிலீஸ் கேட்கும்போது 'ரொம்பச் சீக்கிரம் கேட்டுவிட்டாய்' என்கிற மாதிரி ஒரு பிழை வந்தால், அதற்கு முன்னால் ஒரு டிகே ஜன்னலை உருவாக்க வேண்டும். ஜன்னல் இல்லாமல் அது வாய் திறக்காது. அதே பட்டியலில் சில பெயர்களின் முன்னால் '@' நிற்கும். அவை மேலிருந்து கீழாக எழுதுவதற்கானவை, தள்ளிவிடுங்கள்.

இன்டிசைன், போட்டோஷாப்: பெயர் பட்டியலில் இருக்கிறது, ஸ்கிரிப்ட் ஏற்கவில்லை

இன்டிசைனில் ஆப்.ஃபான்ட்ஸ் கேட்டு ஒவ்வொன்றின் நேமையும் எடுத்தால், திரையில் 'ஏரியல் ரெகுலர்' என்று ஒரு இடைவெளியோடு தெரியும். அந்த இடைவெளி ஸ்பேஸ் அல்ல, டேப். குடும்பப் பெயர், டேப், பாணிப் பெயர் என்பதுதான் அதன் வடிவம். ஸ்பேஸ் போட்டு ஒப்பிட்டால் எந்தக் காலத்திலும் பொருந்தாது. இதற்காக நான் ஒரு மதிய வேளை முழுக்கச் செலவழித்தேன், வெளியே அக்னி நட்சத்திர வெயில், உள்ளே இந்த வெயில். டேப் பிரித்த கோப்பாக எக்ஸெலுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு பத்தி தள்ளிப்போய் உட்காரும், அதுவும் இதே டேப்தான். ஃபான்ட்ஃபேமிலி, ஃபான்ட்ஸ்டைல்நேம் என்று இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோஷாப் ஸ்கிரிப்ட்டில் எழுத்துக்கு ஃபான்ட் கொடுக்கும்போது போஸ்ட்ஸ்கிரிப்ட்நேம் வேண்டும், மெனுவில் தெரிகிற பெயர் செல்லாது. வேர்டில் இந்தத் தொல்லை இல்லை. வேர்டுக்குள்ளேயே எழுதும் விபிஏ-யில் அப்ளிகேஷன்.ஃபான்ட்நேம்ஸ் என்று ஒரு சுற்று சுற்றினால் பெயர்கள் வந்துவிடும்.

இன்டிசைன் பட்டியலில் இருந்து விண்டோஸ் பட்டியலில் இல்லாததற்கு இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, கோப்பின் பக்கத்திலேயே டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருந்தால் அந்தக் கோப்பு திறந்திருக்கும் வரை அதிலுள்ளவை தெரியும். இன்னொன்று, அடோபியின் சந்தாவில் இயக்கிய ஃபான்ட்கள். அவை வழக்கமான ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்கு வருவதே இல்லை. எதிர்மாறாக, ஃபோல்டரில் இருந்து அடோபியில் காணவில்லை என்றால் பிஎஃப்பி கோப்பா, அதாவது பழைய டைப் 1 வகை ஃபான்ட்டா என்று பாருங்கள். டைப் 1 ஃபான்ட்களுக்கு 2023 ஜனவரியோடு அடோபி ஆதரவை நிறுத்திவிட்டது.

பிரவுசரில் பட்டியல் வரவில்லை

வாடிக்கையாளர் தன் வீட்டிலிருந்தே ஃபான்ட் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு பக்கம் செய்ய ஆசைப்படுவோம். முன்பு ஃப்ளாஷ் வழியாக முழுப் பட்டியலையும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். அது 2020 டிசம்பரோடு போயிற்று. போனதும் நல்லதுதான். ஒருவர் கம்ப்யூட்டரில் என்னென்ன ஃபான்ட் என்று தெரிந்தாலே ஆளை அடையாளம் பிடித்துவிடலாம், எங்கள் கடைப் பட்டியல் மாதிரி உலகத்தில் இன்னொன்று இருக்காது.

இப்போது இருப்பது குவெரிலோக்கல்ஃபான்ட்ஸ் என்ற செயற்கூறு, குரோம் 103-இல் 2022-இல் வந்தது. அப்படி ஒன்றே இல்லை என்று பிழை வந்தால் நீங்கள் திறந்திருப்பது ஃபயர்ஃபாக்ஸோ சஃபாரியோ, அல்லது பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இல்லை. பாதுகாப்புப் பிழை வந்தால், பக்கம் திறந்தவுடனே கூப்பிட்டிருப்பீர்கள். ஒரு பட்டனை வைத்து, அதை அழுத்தினபின் கூப்பிட வேண்டும். பயனர் அனுமதி மறுத்திருந்தாலும் பட்டியல் கிடைக்காது. டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ் என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தின் சிஎஸ்எஸ் கொண்டுவந்த ஃபான்ட்கள் மட்டும்தான் அதில் இருக்கும். அதன் செக் என்ற சோதனை, இல்லாத ஃபான்ட்டுக்கும் ஆமாம் என்று தலையாட்டும்.

மேக்கில் ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டு நிற்கிறது

நிற்கவில்லை, மெதுவாகப் போகிறது. 'சிஸ்டம்_புரொஃபைலர் எஸ்பிஃபான்ட்ஸ்டேட்டாடைப்' ஒவ்வொரு ஃபான்ட்டையும் திறந்து முழு விவரம் எழுதும். நிறைய ஃபான்ட் உள்ள இயந்திரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். '-ஜேசன்' சேர்த்தால் விளைவைப் பிரிப்பது சுலபம். குடும்பப் பெயர் மட்டும் போதுமென்றால் ஸ்விஃப்ட்டில் என்எஸ்ஃபான்ட்மேனேஜர் கொடுக்கும் அவைலபிள்ஃபான்ட்ஃபேமிலீஸ் நொடியில் வரும். காட்பாடி ஸ்டுடியோவில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "தமிழ் சங்கம் எம்என், தமிழ் எம்என் இதெல்லாம் யார் போட்டது, வைரஸா?" என்று கேட்டார்கள். ஆப்பிளே போட்டுக் கொடுப்பவை அவை, எம்என் என்பது வடிவமைத்த முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம். அழிக்கச் சொல்லி என்னிடம் கேட்கும்போது ஏற்கெனவே இரண்டு மூன்று ஃபான்ட்டைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்திருந்தார்கள், எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன்.